ஒன்பதாம் வகுப்பு கணக்கு: கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

வணக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் இந்த ஜூனில்தான் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்தையே திறப்பதில்லை. சேட்டை செய்தால்கூடச் சமாளிக்கலாம். இவர்கள் சும்மா ஜன்னலைப் பார்க்கிறார்கள். "இதுவரைக்கும் ஏத்திவிட்டாங்க, இப்ப மட்டும் என்ன டீச்சர்?" என்கிறான் ஒருவன். பத்தாம் வகுப்பு எஸ்எஸ்எல்சியில் தேறுவதற்கான டி பிளஸ் கிரேடாவது வாங்க 30 சதவீதம் வேண்டுமே என்றால் சிரிக்கிறான்.

அதே பையன் சனிக்கிழமை வேலந்தாவளம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷனை மனக்கணக்காகவே போடுகிறான்! சரி என்று தக்காளி விலையை வைத்துச் சதவீதம் நடத்தினேன். அன்று வகுப்பு கலகலவென்று இருந்தது. இயற்கணிதம் வந்ததும் மறுபடி ஜன்னல்தான்.

"போகப் போகப் பழகிடும்" என்கிறார் மூத்த மாஷ் (இங்கே ஆண் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர். அப்படிப் பழகிவிடுமோ என்பதுதான் என் பயமே. சில சாயங்காலங்களில் வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பெருக்கலிலேயே தடுமாறுகிறவர்களையும் நன்றாகப் படிக்கிறவர்களையும் ஒரே பீரியடில் எப்படி நடத்துகிறீர்கள்? பெற்றோரைக் கூப்பிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், பலர் விடிவதற்குள் கோவைக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம், கேரளப் பாடத்திட்டத்துக்கான தமிழ்ப் பயிற்சித்தாள்கள் யாரிடமாவது இருக்கிறதா? என் கைக்கு வருவதெல்லாம் மலையாளத்தில்தான். பாலக்காட்டுச் சித்தூர், இடுக்கி தேவிகுளம் பக்கத்து டீச்சர்கள் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள்.