‘தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்’ இரண்டாம் சீசன்: பார்த்து முடித்தவர்களின் அனுபவப் பகிர்வு

கடைசி எபிசோடுவரை பார்ப்பவன் எழுதியது:

கதையின் முடிவுவரை இங்கே பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்வது நல்லது.

‘தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்’ என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடரின், அதாவது அனிமேயின், இரண்டாம் சீசனைத் தங்கையோடு சேர்ந்து ஒருவழியாகப் பார்த்து முடித்துவிட்டேன். 2021இல் அது ஒளிபரப்பானபோது எழுந்த வசவுகள் அப்போதே காதில் விழுந்திருந்ததால், முதல் சீசனை நினைவில் கலையாமல் வைத்துக்கொள்ளலாம் என்று இத்தனை காலம் தள்ளிப்போட்டு வந்தேன். முடித்ததும் கோபம் பொங்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் நேரவில்லை. அங்கங்கே மனம் நிறைந்தது, பல இடங்களில் சலித்தது, கடைசி எபிசோடில் மட்டும் ஏதோ அவமதிக்கப்பட்டதுபோல் இருந்தது. இவை மூன்றும் ஒரே தொடரால் எப்படி நேர்ந்தன என்று எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

2019 ஜனவரி முதல் மார்ச் வரை 12 எபிசோடுகளாக வந்த முதல் சீசன், கிரேஸ் ஃபீல்டு என்னும் அநாதை இல்லத்தின் மதிலுக்குள்ளேயே கிட்டத்தட்ட முழுக்கதையையும் நடத்திவிட்டது. அங்கு வளரும் பிள்ளைகள் அனைவரும் அரக்கர்களுக்கு உணவாவதற்காகவே வளர்க்கப்படுகிறார்கள் என்ற உண்மை, கோனி என்னும் சிறுமி மறந்துவிட்டுப் போன பொம்மை முயலைக் கொடுப்பதற்காக வாயில்வரை ஓடிய எம்மாவுக்கும் நார்மனுக்கும் முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம், தாயாக இருந்து வளர்த்த இசபெல்லாவுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் இடையே புன்னகை மாறாமல் நடக்கும் போர். எம்மாவின் முகத்தை இசபெல்லா இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, பரிவோடு விசாரிப்பவளைப்போல அவளுடைய நாடித்துடிப்பைச் சோதிக்கும் காட்சி ஒன்று உண்டு. எம்மா சிரித்துக்கொண்டே இருப்பாள், நமக்குத்தான் மூச்சு நின்றுவிடும். தொடருக்கு மூலமான மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், நிரம்பிக் கிடந்த மனக்குரல்களை இயக்குநர் மமோரு கன்பே முதல் சீசனில் நீக்கிவிட்டதால், யார் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஒரு கண்ணசைவிலிருந்தும் கதவிடுக்கிலிருந்தும் நாமே ஊகிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நொடியையும் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்ததே அந்தத் தொடர்தான். அந்தப் பழக்கத்தோடு போய் இரண்டாம் சீசனின் முன்னால் உட்கார்ந்ததில்தான் வினையே தொடங்கியது.

முதல் இரண்டு எபிசோடுகள் நம்பிக்கை தந்தன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இல்லத்திலிருந்து தப்பி வந்த பிள்ளைகளைச் சோஞ்சு, முஜிகா என்னும் இரண்டு அரக்கர்கள் காப்பாற்றுகிறார்கள். காட்டில் வேட்டையாடுவது எப்படி என்று சோஞ்சு எம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கும்போது, கொன்ற உயிரின் மார்பில் ஒரு பூவைச் செருகிக் கடவுளுக்கு நன்றி சொல்லும் ‘குப்னா’ என்ற சடங்கையும் சொல்லித் தருகிறான். அதே பூவைத்தான் எம்மா கோனியின் மார்பில் பார்த்திருந்தாள். தன் கையால் அந்தப் பூவைச் செருகும் நேரத்தில் அவள் முகத்தில் ஓடும் உணர்ச்சியை வசனம் எதுவும் விளக்கவில்லை. தம்பி தங்கைகளின் பசியைத் தீர்ப்பதற்காக அவளும் இப்போது கொன்று தின்னும் இனத்தில் ஒருத்தியாகியிருக்கிறாள் என்பதும், கோனியைக் கொன்றவர்களுக்கும் தனக்கும் நடுவே இருந்த கோடு மங்கிவிட்டது என்பதும் நமக்கு உறைக்கிறது. முதல் சீசனை எடுத்த கைகள்தாம் இதையும் எடுத்திருக்கின்றன என்று தங்கையிடம் நான் மகிழ்ந்து சொன்னது நினைவிருக்கிறது.

பிறகு தொடருக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் தஞ்சம் புகுந்த பாதுகாப்பு அறை தாக்கப்படுகிறது, ஓராண்டு கடந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது, இறந்துவிட்டதாக நம்பப்பட்ட நார்மன் திரும்பி வந்து நிற்கிறான். முதல் சீசனில் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் வாயிலை நோக்கி நடந்துபோன காட்சியில் நாங்கள் இருவருமே கண்கலங்கியவர்கள். அப்படிப்பட்டவன் திரும்பி வரும்போது உள்ளே ஏதாவது அசைந்திருக்க வேண்டும் அல்லவா? ‘அட, இதோ வந்துவிட்டானே’ என்ற அளவில்தான் எங்கள் வரவேற்பு இருந்தது. அவன் இல்லாத துயரத்தை எம்மா எப்படிச் சுமந்தாள் என்பதைக் காட்டத் தொடருக்கு நேரம் இருக்கவில்லை, ஆகவே அவன் வந்த மகிழ்ச்சியும் எங்களுக்குச் சம்பாதித்த மகிழ்ச்சியாக வாய்க்கவில்லை. அரக்கர் இனத்தையே நஞ்சால் அழிக்கத் துணிந்து வந்தவன், எம்மாவுடன் பேசி முடித்ததும் மனம் மாறிவிடுகிறான். அந்த மாற்றம் நியாயமானதுதான், ஆனால் அதற்குரிய காலம் அதற்குக் கொடுக்கப்படவில்லை.

இனி அந்தக் கடைசி எபிசோடு. மனிதர்களின் உலகத்துக்குச் செல்லும் வாயில் திறந்து, சிறுவர்கள் அனைவரும் கடந்துபோகும் தறுவாயில், எம்மாவும் இன்னும் சிலரும் இந்த உலகத்தை மாற்றுவதற்காகப் பின்தங்கிவிடுகிறார்கள். எப்படி மாற்றினார்கள் என்பதுதான் கதை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தால், அசையாத படங்கள் ஒவ்வொன்றாக இசையோடு வந்து போகின்றன: யாரென்றே நாம் அறியாத மனிதர்கள், நாம் காணாத ஊர், அரக்கர்களின் அரசி, ஒரு பெரும் பயணம். தங்கை கேட்டாள், “அண்ணா, இது அடுத்த சீசனுக்கான முன்னோட்டமா?” நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு மூன்று சீசன்களுக்கு உரிய கதையைத்தான் திருமண ஆல்பத்தைப் புரட்டுவதுபோலப் புரட்டிக் காட்டிவிட்டு மூடிவிட்டார்கள் என்பது, அடுத்த காட்சியில் எம்மா மனித உலகத்துக்குள் வந்து நின்றபோதுதான் விளங்கியது.

இதே அனுபவம் வாய்த்தவர்கள், குறிப்பாக மங்காவை முன்பே வாசித்தவர்கள், எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று பகிருங்கள்.


மங்கா அலமாரி எழுதியது:

நண்பரே, நீங்கள் முன்னோட்டம் என்று நினைத்த அந்தப் படங்களில் எனக்கு ஒவ்வொருவரும் யாரென்று தெரியும். தெரிந்ததால் எனக்கு வலி அதிகமாயிற்றா, குறைந்ததா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

கையூ ஷிராய் எழுதி, போசுகா டெமிசு வரைந்த இந்த மங்கா, ஷோனென் ஜம்ப் வார இதழில் 2016 ஆகஸ்டு முதல் 2020 ஜூன் வரை 181 அத்தியாயங்களாக வந்தது. அனிமேயின் முதல் சீசன் முதல் 37 அத்தியாயங்களை 12 எபிசோடுகளில் நிதானமாகச் சொல்லிற்று. மிச்சமிருந்த 144 அத்தியாயங்களையும் இரண்டாம் சீசன் 11 எபிசோடுகளில் முடித்துவைத்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால், இயக்குநரையோ ஓவியர்களையோ தனித்தனியாகக் குறை சொல்லத் தோன்றாது. இத்தனை கதையை இத்தனை நேரத்துக்குள் அடைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்த இடத்திலேயே தொடரின் விதி எழுதப்பட்டுவிட்டது என்பது என் கருத்து. இதில் வேதனை என்னவென்றால், இரண்டாம் சீசனின் கதையமைப்பில் மூலக்கதாசிரியர் ஷிராயும் பங்கேற்கிறார் என்று ஒளிபரப்புக்கு முன் அறிவிக்கப்பட்டதால், மங்காவிலிருந்து கதை விலகிப்போகும் என்ற செய்தியை எங்களில் பலர் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டோம்.

உங்களுக்குக் கிடைக்காமல் போனது யூகோ என்ற மனிதர். மங்காவில் அந்தப் பாதுகாப்பு அறைக்குள் பிள்ளைகள் நுழையும்போது அவர் உள்ளே இருப்பார். கிரேஸ் ஃபீல்டைப்போலப் பிள்ளைகளை உணவுக்காக வளர்க்கும் வேறொரு பண்ணையிலிருந்து 13 ஆண்டுகளுக்கு முன் தோழர்களுடன் தப்பி வந்து, அவர்களைக் கோல்டி பாண்ட் என்னும் வேட்டைக்களத்தில் பறிகொடுத்து, தனிமையில் புத்தி பேதலிக்கும் நிலைக்கு வந்துவிட்டவர். எம்மாவைப்போலவே எல்லோரையும் காப்பாற்ற நினைத்த ஒருவருக்கு அது கைகூடாமல் போனால் என்ன ஆகும் என்பதை எம்மாவின் கண்முன் நிறுத்தவே அந்தப் பாத்திரம் படைக்கப்பட்டது. முதலில் பிள்ளைகளைத் துரத்தியடிக்கப் பார்த்தவர், கடைசியில் அவர்களுக்காக என்னவெல்லாம் செய்கிறார் என்பதை நீங்கள் வாசிக்கக்கூடும் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். கோல்டி பாண்ட் கதை மட்டுமே ஏறத்தாழ 30 அத்தியாயங்கள் வரும். பிரபுக்களான அரக்கர்கள் பொழுதுபோக்குக்காகக் குழந்தைகளை வேட்டையாடும் அந்த ஊரில்தான் இந்தக் கதை ஒளிந்து விளையாடுவதை நிறுத்திவிட்டு எதிர்த்துச் சண்டையிடத் தொடங்குகிறது. அனிமேயில் யூகோவும் இல்லை, அந்த ஊரும் இல்லை. பாதுகாப்பு அறைக்குள் பிள்ளைகள் நுழைந்தபோது, இப்போது வந்துவிடுவார், இப்போது வந்துவிடுவார் என்று அந்த எபிசோடு முழுவதும் காத்திருந்தேன். அவர் வராமலே அது முடிந்தது. அடுத்த வாரமும் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால், ஒருவேளை அவரை வேறு வழியில் கொண்டுவருவார்களோ என்ற நப்பாசைதான்.

ஒன்றை மட்டும் நியாயத்துக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். மங்காவின் கடைசிப் பகுதியும் எங்களை ஒருமனதாக மகிழ்விக்கவில்லை. அரசியோடு நடக்கும் போர் வரையில் இருந்த நிதானம், அதற்குப் பிறகு அங்கும் தளர்ந்துவிட்டது என்று அப்போதே குறைபட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆனாலும் அங்கே பிள்ளைகளை மனித உலகத்துக்குக் கொண்டுசெல்ல எம்மா செய்துகொள்ளும் புதிய உடன்படிக்கைக்கு ஒரு விலை இருந்தது: தன் குடும்பத்தைப் பற்றிய நினைவுகள் முழுவதையும் அவள் இழக்கிறாள். அனிமேயில் அவள் எதையும் இழக்காமல் சிரித்துக்கொண்டே வந்து சேர்கிறாள். ஒருவருக்கும் எந்தச் சேதமும் இல்லாத அந்த முடிவைப் பார்த்தபோது, மங்காவின் முடிவைக் குறை சொன்ன வாயால் அதைப் பாராட்டும்படி ஆகிவிட்டது.


பாதி இரவு எழுதியது:

நான் மங்கா வாசித்ததில்லை. இரண்டு சீசன்களையும் ஒரு விடுமுறையில் அடுத்தடுத்துப் பார்த்தேன் என்பதால், இரண்டாண்டுகள் காத்திருந்தவர்களின் ஏமாற்றம் எனக்கு நேரவில்லை. மோசமான தொடர் என்று நான் சொல்ல மாட்டேன், அரைகுறையான தொடர் என்பேன்.

சோஞ்சுவைப் பற்றி ஒரு குறை எனக்கு இன்னும் தீரவில்லை. பண்ணையில் வளர்க்கப்பட்ட மனிதர்களைத் தின்னக் கூடாது என்பது அவனுடைய மத நம்பிக்கை, அதனால்தான் பிள்ளைகளுக்கு உதவுகிறான். அவர்களை வழியனுப்பிய பின், மனிதர்கள் மீண்டும் இயற்கையாகப் பிறந்து பெருகினால் அப்போது வேட்டையாடித் தின்னலாம் என்ற தன் ஆசையை முஜிகாவிடம் வெளிப்படுத்துகிறான். காட்சி முடிந்ததும் தொடரை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நல்லவனாகத் தெரிந்தவனுக்குள் இப்படி ஒரு பசியை வைத்திருக்கிறார்களே, இது பின்னால் வெடிக்கும் என்று நம்பினேன். கடைசிவரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. யூகோ இல்லாமல் போனது எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் இது தொடர் தானே விதைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் விட்ட விதை என்பதால் இந்தக் குறையை மங்காவின் துணையில்லாமலே சொல்ல முடிகிறது.


கடைசி எபிசோடுவரை பார்ப்பவன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. சோஞ்சுவின் அந்தப் பேச்சை நான் அடியோடு மறந்திருந்தேன். பார்வையாளனே மறந்துவிடும் அளவுக்கு அடுத்தடுத்த நிகழ்வுகளை மேலே கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு இசபெல்லாவைப் பற்றியது. முதல் சீசனின் முடிவில், பிள்ளைகள் மதிலைத் தாண்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவள் துரத்துவதை விட்டுவிட்டு, அவர்கள் கடந்து சென்ற கயிற்றை அவிழ்த்துத் தடயத்தை மறைக்கிறாள், முடிந்திருந்த கூந்தலைத் தளரவிடுகிறாள், சிறுவயதில் லெஸ்லி என்ற பையனிடம் கற்ற மெட்டை முணுமுணுக்கிறாள். அந்தப் பிள்ளைகளில் ஒருவனான ரே தன் வயிற்றில் பிறந்தவன் என்பதை அந்த மெட்டின் வழியாகவே நமக்கு உணர்த்தினார்கள். மங்காவில் பின்னர் எம்மாவைக் காக்கும்போது அவள் உயிரை விடுகிறாள் என்று அறிந்தேன். அனிமேயில் பிழைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு மனித உலகத்துக்கே போய்விடுகிறாள். அத்தனை பிள்ளைகளை அனுப்பிவைத்த ஒருத்திக்கு இவ்வளவு எளிதாக மன்னிப்பு கிடைக்கலாமா என்பது என் கேள்வி. தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. “அவளும் அந்தப் பண்ணையில் வளர்ந்த பிள்ளைதானே அண்ணா, உயிரை விட்டால்தான் மன்னிப்பீர்களா?” என்று கேட்கிறாள். நான் குறை என்று எண்ணிய அந்த மாற்றம் ஒன்றுதான் இரண்டாம் சீசனில் அவளுக்கு முழுமனதோடு பிடித்திருக்கிறது.

நண்பர்கள் யாராவது கேட்டால், முதல் சீசனை முழுவதும் பார்க்கச் சொல்வேன், இரண்டாவதில் அந்தப் பூச்செருகும் காட்சி வரும் எபிசோடு வரை பார்த்துவிட்டு மங்காவுக்குப் போய்விடச் சொல்வேன். நான் 38ஆம் அத்தியாயத்திலிருந்து வாசிக்கலாம் என்று இருக்கிறேன். மங்கா அலமாரி, முதல் 37ஐ விட்டுவிட்டால் ஏதாவது விடுபட்டுப் போகுமா?


மங்கா அலமாரி எழுதியது:

கதை விடுபடாது, ஆனால் அனிமே நீக்கிய மனக்குரல்கள் அந்த 37இல்தான் இருக்கின்றன. முதல் தொகுப்பிலிருந்தே தொடங்குங்கள். தங்கை இசபெல்லாவின் கடைசிக் காட்சியை வாசித்த பிறகு என்ன சொல்கிறார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.