கருங்கல் சிப்ஸ் போன்சாயைக் கொல்லுமா?

மொட்டைமாடி ஆல்:
நேத்து இங்க ஒருத்தர் "கருங்கல் சிப்ஸ் போட்டா போன்சாய் செத்துரும், சொட்டுத் தண்ணி நிக்காது"னு அடிச்சு விட்டிருக்கார், படிச்சதுல இருந்து எரிச்சல். தொட்டில குட்டையா வளக்குற என் ஆலமரம், போகன்வில்லா எல்லாம் பாதிக்குப் பாதி சிப்ஸ்லதான் நிக்குது. 3லருந்து 6 எம்எம் சைஸ், தூசு போகச் சலிச்சு அலசிப் போட்டா இடுக்குல காத்து ஓடும், வேர் அழுகாது. ஆழமில்லாத தொட்டில வெறும் தோட்டமண்ணைப் போட்டாத்தான் அடியில தண்ணி தேங்கிக் கொல்லும்.

செங்கல் பிரியன்:
எழுதினது நான்தான் சார், நேரா என்னையே கேளுங்க. செங்கல்லுக்கு துவாரம் இருக்கு, எரிமலைக்கல்லுக்கு இருக்கு, ஜப்பான்ல போன்சாய்க்குப் போடுற களிமண் குருணை அகடாமாவுக்கும் இருக்கு. கருங்கல் தண்ணி உறிஞ்சுமா?

மொட்டைமாடி ஆல்:
அது எதுக்கு உறிஞ்சணும்? கல்லு மேல ஒட்டுற ஈரம் இருக்கு, மீதிக்குத்தான் தேங்கா நார்த்தூள் கோகோபீட்டும் மண்புழு உரமும் கலக்கறோம். அமெரிக்காவுல கோழிக்குப் போடுற கிரானைட் பொடிக்கல்லையே போன்சாய்க்குக் கலக்கறாங்க. சரியா வேகாத செங்கல் சேறாகும், அகடாமாவும் நாளாக நாளாக நொறுங்கி மாவாகும். கருங்கல் அப்படியே இருக்கும், தொட்டி மாத்தறப்ப கழுவி திரும்பப் போடலாம். சுண்ணாம்புக்கல்னா பிஎச் ஏறி மண்ணு காரமாகும்னு பயப்படலாம், பல்லாவரம் பக்கத்து கருங்கல்லு, அதான் சார்னோக்கைட், அதுல அந்த வம்பும் இல்ல.

செங்கல் பிரியன்:
இவ்ளோ எழுதியும் பதில் வரல. உறிஞ்சுமா, உறிஞ்சாதா?

வில்வக்கன்னு:
ஆல் அண்ணன் பேச்சைக் கேட்டு, கட்டட வேலைக்குக் கல்லை உடைச்சுப் பண்ற எம்-சாண்ட் மணலைப் போட்டேன், தொட்டி சிமெண்ட் தரை மாதிரி இறுகிருச்சு. ரொம்ப நன்றிண்ணே.

மொட்டைமாடி ஆல்:
தம்பி, எம்-சாண்ட் 4.75 எம்எம்முக்குக் கீழ, தூசு வரைக்கும் இருக்கும். நான் எப்ப அதைப் போடச் சொன்னேன்?

செங்கல் பிரியன்:
ரெண்டும் ஒரே க்ரஷர்ல உடையிற ஒரே கல்லுதானே. உறிஞ்சாது.

தொட்டிக்காரி:
ஒரு தொட்டியத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும், அந்த கனத்தைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறீங்க.

மொட்டைமாடி ஆல்:
கனம் இருக்கறதாலதாம்மா ஆடிக்காத்துல மரம் சாயாம நிக்குது. பிரியன் சாருக்கு கல்லு மேல கோவம் இல்ல, என் மேலதான். போன கண்காட்சில என் புளியமரத்தைப் பாத்துட்டு "நர்சரில ரெடியா வாங்குனது"னு சொன்னவர்தானே இவர்? அதை நான் விதையிலருந்து வளத்தேன்.

செங்கல் பிரியன்:
இப்பவும் சொல்றேன், அந்த அடிமரம் விதையில வந்ததில்ல. கருங்கல்லும் உறிஞ்சாது.

மொட்டைமாடி ஆல்:
சின்னக் கன்னுலருந்து எடுத்த போட்டோ எல்லாம் இருக்கு, இன்னிக்கு ராத்திரியே வரிசையா போடறேன்.

வில்வக்கன்னு:
அண்ணே, என் தொட்டிக்கு ஒரு வழி சொல்லிட்டு அதைப் போடுங்க.