கணினிப் பாட்டு ஹோம் தியேட்டர் ரிசீவரில்: கேபிளா, நெட்வொர்க்கா?

பக்கத்து_அறை
பதினாலாயிரம் பாட்டு சேர்த்து வைத்திருக்கிறேன், பெரும்பாலும் என் சிடிக்களில் இருந்து எடுத்த ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல்). கணினி ஒரு அறையில், ரிசீவர் அடுத்த அறையில். ரிசீவரின் முதுகில் எச்டிஎம்ஐ, ஆப்டிகல், லேன் எல்லாம் உண்டு, வைஃபையும் இருக்கிறது. இதுவரை போனில் இருந்து புளூடூத்தில்தான் ஓட்டினேன். எந்த வழியில் போகலாம்?

கேபிள்_கட்சி
எச்டிஎம்ஐயைச் செருகுங்கள், ஃபூபார்2000 என்ற பிளேயரைப் போடுங்கள், முடிந்தது. யாராவது வந்து டிஎல்என்ஏ (கணினிப் பாட்டை ரிசீவர் நெட்வொர்க் வழியாக எடுத்து வாசிக்கும் முறை) என்பார்கள், நம்பாதீர்கள். நான் அதோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவன். இன்றைக்கு ரிசீவரின் பட்டியலில் கணினி இருக்கும், நாளைக்குத் தேடினால் இருக்காது.

எட்டுக்கட்டை
வந்துவிட்டேன். கணினி காணாமல் போனதற்கு டிஎல்என்ஏ என்ன செய்யும்? விண்டோஸ் உங்கள் வைஃபையைப் பொது நெட்வொர்க் என்று குறித்து வைத்திருக்கும், இல்லையென்றால் ஃபயர்வால் யுடிபி 1900 என்ற போர்ட்டை அடைத்திருக்கும் (கருவிகள் ஒன்றையொன்று தேடுவது அந்த வழியாகத்தான்), அதுவும் இல்லையென்றால் கணினியே தூங்கியிருக்கும். எச்டிஎம்ஐயில் உள்ள தொல்லையை ஏன் சொல்லவில்லை? விண்டோஸ் மிக்சர் (எல்லாச் சத்தத்தையும் கலந்து அனுப்பும் பகுதி) 48 கிலோஹெர்ட்ஸில் நின்றால் 44.1 சிடிப் பாட்டையும் 48க்கு மாற்றித்தான் அனுப்பும். ரிசீவரை இரண்டாவது மானிட்டர் என்று வேறு நினைத்துக்கொள்ளும், மவுஸ் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். டிஎல்என்ஏவில் ஃபிளாக் ஃபைல் அப்படியே ரிசீவருக்குப் போய் அங்கே விரிகிறது, நடுவில் யாரும் கைவைப்பதில்லை.

கேபிள்_கட்சி
ஃபூபாரில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் என்ற வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் மிக்சர் ஓரமாகப் போய்விடும், மெயில் வந்த டிங் சத்தமும் பாட்டுக்குள் வராது. அப்புறம், 44.1ஐ 48 ஆக்கியதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டு எப்போதாவது கண்டுபிடித்திருக்கிறீர்களா? என்னால் முடியவில்லை. ரிசீவரில் ரூம் கரெக்‌ஷனைப் போட்டுவிட்டால் எப்படியும் அது அறைக்கு ஏற்ப எல்லாவற்றையும் பிசைந்துதான் அனுப்புகிறது. மவுஸ் விஷயம் உண்மை, ரிசீவரை அணைத்தால் ஆடியோ கருவி மாறிப்போவதும் எரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் டிஎல்என்ஏவில் ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டுப் பாருங்கள். ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்கும்போது பின்னால் சுருதி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அது பட்டென்று அறுந்து, ஒரு மௌனம் விழுந்து, மறுபடி தொடங்கும். அந்த மௌனத்துக்குத்தானா நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று பெருமை?

எட்டுக்கட்டை
சரி, அது வலிக்கிற இடம்தான். நிறைய ரிசீவர்களில் டிஎல்என்ஏ வழியாக இடைவெளி விழுகிறது. ரிசீவரில் ஆப்பிளின் ஏர்பிளே இருந்தால் அதில் போகலாம், அது விடாமல் ஓடும் ஒரே ஓடை. கணினியில் ஐடியூன்ஸ் போட்டு அனுப்புங்கள்.

கேபிள்_கட்சி
ஐடியூன்ஸ் ஃபிளாக்கைத் தொடாது ஐயா. பதினாலாயிரத்தையும் ஆலாக் (ஃபிளாக் மாதிரியே ஆப்பிளுடையது) ஆக்கச் சொல்கிறீர்களா?

எட்டுக்கட்டை
தரம் ஒரு துளியும் குறையாதே. ஓர் இரவு ஓடவிட்டால் போதும். உங்கள் வழியில் பாட்டு மாற்ற ஒவ்வொரு தடவையும் அடுத்த அறைக்கு நடக்க வேண்டும், அதைவிட இது மேல்.

கேபிள்_கட்சி
ஃபூபாருக்குப் போனில் ரிமோட் ஆப் இருக்கிறது. யாரும் நடக்க வேண்டாம்.

மேசை_விளக்கு
இரண்டு பேருக்கும் நடுவில் நுழைகிறேன். ரிசீவர் பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பையை (உள்ளங்கை அளவுக் கணினி) வையுங்கள், அதில் எம்பிடி என்ற பிளேயரைப் போடுங்கள், கணினியில் உள்ள பாட்டு ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிருங்கள். பையில் இருந்து ரிசீவருக்கு ஒரு முழம் எச்டிஎம்ஐ. எம்பிடி டிராக்குகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி வாசிக்கும், போனில் இருந்தே ஆட்டுவிக்கலாம்.

கேபிள்_கட்சி
எச்டிஎம்ஐதானே கடைசியில்? அதைத்தானே முதலில் இருந்து சொல்கிறேன்.

எட்டுக்கட்டை
பாட்டு கணினியில் இருந்து நெட்வொர்க்கில்தானே வருகிறது? நான் சொன்னது என்னவாம்?

பக்கத்து_அறை
நேற்று ராத்திரி டிஎல்என்ஏவை முயன்று பார்த்தேன். பொது நெட்வொர்க் என்பதை மாற்றியதும் கணினி தெரிந்துவிட்டது, எட்டுக்கட்டைக்கு நன்றி. புளூடூத்தை விட எவ்வளவோ தெளிவு. ஆனால் ரிசீவரின் ரிமோட்டை வைத்துக்கொண்டு பதினாலாயிரத்துக்குள் ஒன்றைத் தேடுவது கிணற்றில் விழுந்த மோதிரத்தைத் தேடுகிற கதை, தமிழில் பெயர் வைத்த ஆல்பமெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. கச்சேரி ஆல்பத்தில் அந்த இடைவெளி ஒரு விநாடி கூட இருக்காது, கேபிள்_கட்சி சொல்லாமல் இருந்திருந்தால் கவனித்திருக்க மாட்டேனோ என்னவோ, இப்போது அது மட்டும்தான் கேட்கிறது.

மேஜை இழுப்பறையில் பழைய ராஸ்பெரி பை ஒன்று கிடக்கிறது, சனிக்கிழமை மாட்டிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம், பையை வைஃபையில் விடலாமா, லேன் கேபிள் இழுக்க வேண்டுமா?

எட்டுக்கட்டை
வைஃபை தாராளம். சிடித் தரம் சுருக்காமல் போனாலே விநாடிக்கு 1411 கிலோபிட், ஃபிளாக்கில் அதற்கும் குறைவு.

கேபிள்_கட்சி
கேபிள்.