மறு: லார்ஜ் ஃபார்மட்டுக்குத் தமிழ் – பெருவடிவமா, ஒளியேடா?

குழுவினருக்கு வணக்கம்.

> "6×7 கேமராவில் ஏற்காட்டைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். லார்ஜ் ஃபார்மட்டுக்கு மாறலாமா? அப்படியே அதற்கு ஒரு தமிழ்ச்சொல்லும் தாருங்கள்."

லார்ஜ் ஃபார்மட் என்பது 4×5 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள தனித்தனி ஷீட் ஃபிலிமில் எடுக்கும் பெரிய கேமரா. 6×7 என்பது சுருள் ஃபிலிமில் 6×7 செ.மீ. அளவில் எடுப்பது. தம்பி கேட்டது இரண்டு கேள்வி. வந்த பதில்கள் எல்லாம் இரண்டாவதற்குத்தான். நம் குழுவின் ராசி அப்படி. எதற்காக மாறுகிறோம் என்று தெளிந்தால் பெயரும் தானே வந்துவிடும் என்பது என் எண்ணம். அதனால் முதல் கேள்வியிலிருந்தே வருகிறேன்.

> "ஃபார்மட் என்றால் வடிவம். எனவே பெருவடிவம். இதில் குழப்பமே இல்லை."

ஐயா, எனக்கு இங்கே உடன்பாடில்லை. 4×5 அங்குலமும் 8×10 அங்குலமும் ஒரே வடிவம். பரப்புதான் நான்கு மடங்கு. ஆகவே இங்கே ஃபார்மட் என்பது அளவு. சரி, 'பேரளவு' என்று வைத்துவிடலாமா? அளவுதான் இதன் சாரம் என்றால் வைக்கலாம். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24×36 மி.மீ. 4×5-இல் படம் விழும் பரப்பு அதைப்போல் பதின்மூன்று மடங்கு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் தம்பி கையில் இருப்பது 6×7. அதோடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட 6×7 தாராளமாகப் போதும். அளவுக்காக மட்டும் மாறுவதென்றால் வேண்டாம் தம்பி, காசு மிச்சம்.

மாறத் தகுந்த காரணம் வேறு இரண்டு உண்டு.

ஒன்று, ஃபிலிம் சுருளாக இல்லாமல் தனித்தனியாக இருப்பது. காலையில் பகோடா பாயிண்டில் மூடுபனி. எல்லாமே சாம்பல் நிறம், ஒளிக்கும் நிழலுக்கும் வித்தியாசமே இல்லை. அந்த நெகட்டிவை டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்தால்தான் படத்துக்கு உயிர் வரும். அன்றைக்கே உச்சி வெயிலில் காப்பித் தோட்டத்துக்குள் போனால் சில்வர் ஓக் நிழலும் வெயில் திட்டுமாக நேர் எதிர் நிலைமை. அதற்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். 6×7-இல் போடும் 120 வகைச் சுருளில் பத்துப் படமும் ஒரே தொட்டியில், ஒரே நேரக்கணக்கில் வேகும். ஃபிலிம் இருக்கும் பின்பெட்டியைக் கழற்றி மாற்றும் கேமரா இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் அது சமாளிப்புதான். அமெரிக்க ஒளிப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஜோன் முறை (காட்சியின் ஒளி நிழலுக்கேற்ப ஒளி விடும் அளவையும் டெவலப் நேரத்தையும் முடிவு செய்வது) முழுதாகப் பயன்படுவது ஒவ்வொரு படத்தையும் தனியாக டெவலப் செய்ய முடிகிற இடத்தில்தான்.

இரண்டாவது, லென்ஸும் ஃபிலிமும் தனித்தனிப் பலகையில் நின்று, நடுவில் துருத்தி இருப்பது. ஏற்காட்டில் படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். சில்வர் ஓக் மரத்தின் உச்சி வேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் மரங்கள் எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். இதில் கேமராவை நிமிர்த்தி நிறுத்திவிட்டு லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்றினால் போதும், மரம் மரமாக நிற்கும். காலடியில் இருக்கும் காப்பிச் செடியும் தூரத்து மலையும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமா? லென்ஸை முன்பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும். ஃபிலிம் தளம், லென்ஸ் தளம், தெளிவாக விழும் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்ற விதிக்கு ஷைம்ஃப்ளக் பெயர். ஆஸ்திரியப் படை அதிகாரியான அவர் 1904-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பே பிரான்சில் கார்பென்டியே இதைச் சொல்லிவிட்டார் என்பது தனிக்கதை.

இந்த இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்றால் மாறலாம். மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவின் பின்புறம் பார்த்து எடுக்கும் கண்ணாடியில் பிம்பம் தலைகீழாக, இடம் வலம் மாறி விழும், அது பழகிவிடும். கருந்துணிக்குள் தலையை விட்டால் ஏற்காட்டுக் குளிரில் மூச்சு பட்டே கண்ணாடி மங்கும், அது பழகாது. லென்ஸ் துளையை எஃப்/22, எஃப்/32 என்று சிறிதாக மூடி எடுப்பதால் ஷட்டர் நேரம் நீளும், காற்றில் இலை ஆடும். ஒரு ஷீட் விலையில் சேலத்தில் தட்டுவடை செட் தட்டுத் தட்டாகச் சாப்பிடலாம். எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போட்டால் மலிவு, சிவப்பு விளக்கிலேயே கையாளலாம். ஆனால் இருபுறமும் பூச்சு இருப்பதால் சட்டென்று கீறல் விழும். சிவப்பு நிறம் அதற்குத் தெரியாது. சேர்வராயன் மலையின் செம்மண் கறுப்பாகவே விழும்.

இனிப் பெயர்.

> "அப்படியானால் ஷீட் ஃபிலிமைத் தாள் படச்சுருள் எனலாமே?"

தாளாக இருப்பது எப்படிச் சுருளாகும்? ஃபிலிமுக்குப் பொதுச்சொல்லாகப் படச்சுருளை வைத்ததன் வினை இது. 'படத்தாள்' என்றால் அச்சிடும் தாளோடு குழம்பும். 'தகடு' பழைய ஸ்டுடியோக்காரர்கள் சொன்ன பிளேட்டுக்குப் பொருந்தும், அது கண்ணாடி. ஆனால் 1857–58 வாக்கில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ராயக்கோட்டையைப் படம் எடுத்தபோது அவர் நெகட்டிவ் காகிதம். காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று பொருள் மாறினாலும் ஒன்றொன்றாக இருப்பது மாறவில்லை. அதற்குத் தமிழில் 'ஏடு' இருக்கிறது. ஓலைக்கும் ஏடு, பாலின் மேல் படியும் மெல்லிய படலமும் ஏடு. ஷீட், ஃபிலிம் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்குகிறது.

ஆனால் பட + ஏடு புணர்ந்தால் படவேடு, அது கோயில் ஊர். ரேணுகாம்பாள் கோயிலுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். பெரிய ஏடு என்று 'பேரேடு' வைத்தால் கணக்குப் புத்தகம் (ஃபிலிம் செலவை எழுத அதுவும் தேவைப்படும்). ஆகவே ஒளியேடு. கேமரா 'ஒளியேட்டுக் கேமரா'. அளவைச் சொல்ல வேண்டிய இடத்தில் 4×5 ஒளியேடு, 8×10 ஒளியேடு என்று எண்ணே சொல்லிவிடும்.

> "ஏடு என்றால் இன்று பத்திரிகை. ஒளியேடு ஏதோ சிற்றிதழ் போல இருக்கிறது."

அக்கா சொல்வது நியாயம்தான். ஆனாலும் நாளேட்டையும் பாலேட்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. நீங்கள் புகைப்படத்தை விட்டு 'ஒளிப்படம்' என்று விடாமல் எழுதுகிறீர்களே, அதன் பக்கத்தில் வைத்தால் இது இயல்பாக உட்காரும்.

மற்றவற்றில் அதிக விவாதம் வேண்டியதில்லை. பெல்லோஸுக்குத் துருத்தி, கொல்லர் பட்டறையிலும் ஆர்மோனியத்திலும் இருப்பதுதான். பிம்பம் விழும் கிரவுண்ட் கிளாஸை 'அரைத்த கண்ணாடி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மாஞ்சா நூலுக்குப் பூசுவது, விட்டுவிடலாம். மங்கல் கண்ணாடி போதும். லென்ஸ், ஃபிலிம் பலகைகளை ஏற்றிச் சாய்க்கும் மூவ்மென்ட்ஸுக்கு 'அசைவுகள்' கூடாது, கேமரா அசைந்து படம் கெட்டதைத்தான் அப்படிச் சொல்கிறோம். 'பலகை நகர்வு' என்று பொதுப்பெயர் வைத்து, அதன் கீழ் ஏற்றம், இறக்கம், ஒதுக்கம், சாய்வு, திருப்பம்.

எனக்கு இன்னும் சரியாக அமையாதது ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர். வெளிச்சம் குறைந்து நேரம் நீளும்போது மீட்டர் சொல்லும் கணக்கு ஃபிலிமுக்குப் போதாமல் போவது. எச்பி5 என்ற ஃபிலிமில் பத்து வினாடி என்று வந்தால் சுமார் இருபது கொடுக்க வேண்டும். நம் சொற்பட்டியலில் இப்போது இருக்கும் 'பரிமாற்றத் தோல்வி' வங்கியில் பணம் போய்ச் சேராதது போல இருக்கிறது. 'ஒளிச்சோர்வு' என்று மாற்றி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது கைவசம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.