அப்பாவுக்கு பொட்டாசியம் 6.1. தென்னந்தோப்புக்காரரை இளநீர் குடிக்காம எப்படி நிறுத்தறது?

ஆனைமலை மகள்:

வணக்கமுங்க. பொள்ளாச்சி பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பாவுக்கு 67 வயசு. சர்க்கரை வந்து 20 வருசம் ஆச்சு, கிட்னி பாதிச்சிருக்குன்னு தெரிஞ்சு 3 வருசம். இப்ப ரத்தத்துல தங்கற கழிவைக் காட்டற கிரியேட்டினின் 3.0, கிட்னி வடிகட்டற அளவைக் காட்டற இஜிஎஃப்ஆர் 22. நாலாவது ஸ்டேஜ்னு சொல்லியிருக்காங்க. டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கலை.

போன செவ்வாக்கிழமை வழக்கமான ரத்த டெஸ்ட் குடுத்துட்டு வந்தோம். சாயங்காலம் லேப்ல இருந்தே ஃபோன். ரத்தத்துல பொட்டாசியம் 6.1 இருக்கு, ரொம்ப ஜாஸ்தி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. அப்பா அப்பத்தான் மோட்டாரை நிறுத்திட்டு நடந்து வந்து திண்ணையில உக்கார்ந்திருந்தாரு. வலி இல்லை, மயக்கம் இல்லை. "நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இந்நேரத்துக்கு?"ன்னாரு. அங்க ஈசிஜி எடுத்துப் பார்த்ததும் விடவே இல்லை. கால்சியம் ஊசி, குளுக்கோஸோட இன்சுலின், அப்புறம் நெபுலைசர். ராத்திரி பூரா மானிட்டரைப் பார்த்துக்கிட்டே உக்கார்ந்திருந்தேன். காலையில 5.3க்கு இறங்குச்சு.

வீட்டுக்கு அனுப்பறப்ப இங்கிலீஷ்ல அச்சடிச்ச தாள் ஒண்ணு குடுத்தாங்க. அவகாடோ, கிவி, பிராக்கோலி எல்லாம் அதுல இருக்கு. எங்க ஊட்ல ஆக்கற எதுவும் இல்லைங்க. புடலங்காய் ஆகுமா, அரசாணிக்காய் (பரங்கிக்காய்) ஆகுமா, கொள்ளு ரசம் வைக்கலாமா, இதையெல்லாம் யாரைக் கேக்கறது?

எல்லாத்தையும் விட இளநீர்தான் பெரிய கஷ்டம். 30 வருசத்துக்கு முன்னாடி அப்பா கையால நட்ட மரங்க. வெயில் ஏறினதுல இருந்து தினம் ரெண்டு காய். "கிட்னிக்குக் குளுமை"ன்னு பார்க்கிற சொந்தமெல்லாம் சொல்லுது. நான் வேண்டாம்னா முகத்தைத் திருப்பிக்கிறாரு. ஒரு வாய்கூட ஆகாதுங்களா?

மருந்து: டெல்மிசார்டன் 40 (பிபி மாத்திரை), இன்சுலின், சோடா மாத்திரை.

பவானி தறிக்காரர்:

அம்மணி, உங்கப்பா இருக்கிற எடத்துலதான் நானும் 6 வருசமா இருக்கேன். எனக்கு வயசு 58. ரெண்டு வருசம் முன்னாடி 5.8 வரைக்கும் போய்த் திரும்பினவன்.

முதல்ல இளநீர். 100 மில்லியில சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு. நம்ம பக்கத்துக் காய் ஒண்ணுல 350 மில்லி தண்ணி வந்தா ரெண்டு காய்க்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, 1700ஐத் தாண்டிருது. பொட்டாசியம் ஏறினவங்களை ஒரு நாளைக்கே 2000க்குள்ள இருக்கச் சொல்றாங்க. சோறு, காய், பால் எதுவும் வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே அன்னிக்குக் கணக்கு முடிஞ்சு போகுது. நல்ல கிட்னி அதை ஒண்ணுக்குல வெளியேத்திரும். நம்முளுதால முடியாது, ரத்தத்துலயே தங்கிரும். குளுமைன்னு சொல்றவங்க கிட்னி நல்லா இருக்கிறவங்களைப் பார்த்துச் சொல்றாங்க. இந்தக் கணக்கை ஒரு தாள்ல எழுதி அப்பா கையில குடுங்க. தோப்புக்காரருக்கு எருக்கணக்கு, தண்ணிக்கணக்கு எல்லாம் அத்துப்படி. "ஆகாது"ன்னு சொல்றதை விட இது அவருக்குப் புரியும். எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது.

எங்க வீட்ல காய் செய்யறது இப்படி. தோலைச் சீவிப் பொடிசா நறுக்கி, பெரிய குண்டாவுல நெறைய தண்ணி வெச்சு நல்லாக் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணியை வடிச்சுக் கீழ ஊத்திருவோம். அப்புறந்தான் தாளிப்பு. உருளைக்கிழங்குன்னா ரெண்டு தடவை தண்ணி மாத்திக் கொதிக்கணும், பாதியளவு கொறையும். பச்சைத் தண்ணியில ஊற வெச்சா மட்டும் பெருசா போகாது, கொதிக்கிறப்பத்தான் எறங்குது. குக்கர்ல கொஞ்சத் தண்ணியில வெச்சு அதோடவே குழம்பாக்கினா எல்லாம் உள்ளயே நின்னுரும்.

புடலை, சுரை, பீர்க்கன், சௌசௌ, கோஸ், வெள்ளரி, இதெல்லாம் எங்க வீட்டு வாரக் காய்ங்க. அரசாணிக்காய் கொஞ்சமா, வடிச்சுட்டு. சேனைக்கிழங்கு, வாழைக்காய், வாழைப்பூ, முருங்கைக்கீரை எங்க வீட்டுக்குள்ளயே வர்றதில்லை. கொள்ளு வேண்டாம் அம்மணி. ரசம்னாலே பருப்புத் தண்ணி, தக்காளி, புளி மூணும் சேருது. காயில இருந்து எறக்கினதை டம்ளர்ல ஊத்திக் குடிச்ச கதைதான். சோத்துக்குப் பயமே இல்லை, வெள்ளைச் சோத்துல ரொம்பக் கம்மி.

இத்தனை வருசமா சர்க்கரைக்கு ராகி தின்னு, கீரை தின்னு, சோத்தைக் கொறைன்னு கேட்டுப் பழகின காது. இப்ப அப்படியே மாறுது. எனக்கு அதை மனசு ஏத்துக்க ஒரு வருசம் ஆச்சு. அப்பாவுக்கும் கொஞ்சம் டைம் குடுங்க.

டயாலிசிஸ் வார்டு அக்கா:

தங்கச்சி, நான் மதுரையில டயாலிசிஸ் யூனிட்ல 11 வருஷமா நர்ஸா இருக்கேன். இளநீர் மட்டும்தான் காரணம்னு முடிவு பண்ணிடாத. எனக்கு மூணு பதில் வேணும்.

வீட்ல என்ன உப்பு? பிபிக்கு நல்லதுன்னு சொல்லி விக்கிற குறைந்த சோடியம் உப்பா இருந்தா அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சுப் பாரு.

அப்பா மூட்டுவலிக்கு மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்குறாரா? டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை கிட்னியையும் கெடுக்கும், பொட்டாசியத்தையும் ஏத்தும். ஊர்ல பெரியவங்க இதை மருந்துக் கணக்குல சேர்க்கவே மாட்டாங்க. நீயா கேட்டாத்தான் வெளிய வரும்.

வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கிறாரா? கல்லுக்குக் குடிக்கிறதைப் பார்த்துட்டு, கிட்னின்னாலே குடிக்கலாம்னு நெனச்சுக்கிறாங்க. எங்க வார்டுக்கு அப்படி வந்தவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல.

டெல்மிசார்டனும் கொஞ்சம் ஏத்தும். ஆனா கிட்னியையும் இதயத்தையும் காப்பாத்துறதுக்குத்தான் அதைக் குடுத்திருக்காங்க, நீங்களா நிறுத்திடக் கூடாது. டோஸைக் குறைக்கணுமா, பொட்டாசியத்தை மலத்துல இழுத்துட்டுப் போற பவுடர் சேர்க்கணுமான்னு டாக்டர் சொல்லட்டும். பவுடர் குடுத்தா மத்த மாத்திரைக்கும் அதுக்கும் 3 மணி நேரம் இடைவெளி விடு. வெயில்ல சோர்வா இருக்குன்னு ஓஆர்எஸ் கரைச்சுக் குடுக்காத, அதுலயும் பொட்டாசியம் இருக்கு. நட்சத்திரப் பழம் துண்டுகூட வேண்டாம். அது பொட்டாசியக் கணக்கு இல்ல, கிட்னி பழுதானவங்களுக்கு மூளையைத் தாக்குற விஷம் அதுல இருக்கு.

கை கால் தளர்ந்து போறது, படபடப்பு, நாடி ரொம்ப மெதுவா அடிக்கிறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காத. எதுவுமே தெரியாமலும் ஏறும், அதைத்தான் நீ அன்னைக்குப் பார்த்துட்ட.

மாயவரத்தான்:

அக்கா, நான் பண்ணின தப்பை நீங்க பண்ணிடக் கூடாதுன்னு எழுதுறேன். எங்கம்மாவுக்கு 5.7 வந்தப்ப பயந்துபோய் பழம், காய், கீரை எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்திட்டேன். வெள்ளைச் சோறு, மோர், அப்பளம். ரெண்டு மாசத்துல 4 கிலோ எடை இறங்கிட்டாங்க, மலச்சிக்கல் வந்துடுச்சு. திரும்ப டெஸ்ட் எடுத்தா 5.8. கிட்னி வேலை குறையும்போது குடல் வழியா கூடுதலா பொட்டாசியம் வெளியே போகுமாம். நாலு நாள் வயிறு போகலைன்னா அந்த வழியும் அடைஞ்சு போகுதுன்னு டாக்டர் விளக்கினார். ரத்தத்துல அமிலத்தை அடக்குற பைகார்பனேட்டும் குறைஞ்சிருந்தது. ரத்தத்துல அமிலம் கூடினாலும் பொட்டாசியம் ஏறும். சோடா மாத்திரை குடுக்குறது அதுக்குத்தான்.

இப்ப அம்மாவுக்கு தினம் அரை ஆப்பிள், இல்லன்னா சின்னக் கிண்ணத்துல அன்னாசித் துண்டு. வடிச்ச காய் ரெண்டு வேளை. வயிறு போகுதான்னு தினம் கேட்பேன், அம்மாவுக்குக் கூச்சம்தான், ஆனாலும் கேட்பேன். இப்ப 4.9.

இன்னொண்ணு, ரத்தம் எடுக்குறப்ப கையை இறுக்கக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலும், ட்யூப்ல ரத்த செல் உடைஞ்சாலும் பொய்யா ஏத்திக் காட்டும். அப்பாவுக்கு ஈசிஜியிலயே தெரிஞ்சதால அது நிஜம்தான். இனிமே வர்ற டெஸ்டுக்கு ஞாபகம் வச்சுக்கங்க.

ஆனைமலை மகள்:

மூணு வாரம் கழிச்சு வர்றேனுங்க.

அக்கா, நீங்க கேட்ட அன்னிக்கே அடுப்படிக்குப் போய் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடுன்னு சின்ன எழுத்துல இருந்துச்சு. நான்தானுங்க வாங்கிட்டு வந்தேன், தை மாசம், அப்பா பிபிக்குன்னு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லை. இப்ப சாதாரண உப்பு, அளவு கொறைச்சு.

மாத்திரையும் இருந்துச்சு. சட்டைப் பையில, ஒரு அட்டையில ஆறு தீர்ந்து போயிருந்துச்சு. மட்டை பொறுக்கறப்ப முட்டி வலிக்குதுன்னு அவரா வாங்கிப் போட்டிருக்காரு. டாக்டர்கிட்ட காட்டினோம், அதை நிறுத்திட்டு பாராசிட்டமால் மட்டும் அளவா எழுதிக் குடுத்திருக்காரு. டெல்மிசார்டன் அப்படியே இருக்கு. பவுடர் 10 நாளைக்கு. வாழைத்தண்டு ஜூஸ் எப்பவும் குடிச்சதில்லைங்க.

இளநீருக்கு, பவானி அண்ணா சொன்னபடி எழுதிக் குடுத்தேன். கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சாரு. "அப்ப ஒரு காய்லயே பாதி போயிருதா"ன்னு கேட்டுட்டு தாளை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. அந்த மாத்திரை அட்டை இருந்த அதே பை. இப்ப மரமேறி வந்தா எனக்கும் பசங்களுக்கும் அவர் கையால வெட்டிக் குடுக்கறாரு. ஒரு வாய் கேப்பாரோன்னு அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். கேக்கலை. டாக்டரும் இப்போதைக்கு ஒரு வாயும் வேண்டாம்னுட்டாரு.

முந்தாநேத்து ரிசல்ட்: 4.8.

அண்ணா, ஒரு சந்தேகம். தட்டைப்பயிறு ஊற வெச்சு, வேக வெச்சு, தண்ணியை வடிச்சுட்டா வாரம் ஒரு நாள் ஆகுங்களா? அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பவானி தறிக்காரர்:

4.8ங்கறதைப் பார்த்ததும் வீட்ல சத்தமாப் படிச்சுக் காட்டினேன் அம்மணி. தட்டைப்பயிறு ராத்திரி பூரா ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில வேக வெச்சு, அதையும் வடிச்சுருங்க. நான் ஒரு சின்னக் கரண்டி சாப்பிடறேன், அன்னிக்கு வேற பருப்பு கெடையாது. ஆனா எனக்கு ஒத்துக்கிட்டது அப்பாவுக்கு ஒத்துக்கணும்னு இல்லை. பயிறுல பாஸ்பரஸும் இருக்கு, புரோட்டீன் கணக்கும் இருக்கு. அடுத்த டெஸ்டுக்குப் போறப்ப டாக்டரையோ டயட்டீஷியனையோ கேட்டுட்டு ஆரம்பிங்க.

ஆனைமலை மகள்:

சரிங்க அண்ணா. 18ஆம் தேதி போறோம். கேட்டுட்டு வந்து எழுதறேன்.