பனியில படுத்த ஹெலிபோர் மத்தியானம் எழுந்து நின்னுச்சு, உங்களுக்கும் நடந்துருக்கா?

மண்வாசம்:
இத சொல்லியே ஆகணும். வீட்டுக்கு வடக்கால, வெயிலே எட்டிப் பாக்காத செவுத்தோரம் மூணு வருஷமா ஒரு ஹெலிபோர், அதான் குளிர்காலத்துல பூக்குற செடி, நிக்குது, இந்தக் குளிர்காலந்தான் மொத தடவையா பூத்துச்சு. அன்னிக்கு ராத்திரி மைனஸ் 9. காலைல போய் பாத்தா பன்னெண்டு தண்டும் தரையோட தரையா கெடக்கு, பூவெல்லாம் மூஞ்சி மண்ணுல, தண்டு கருத்துப்போய் தொட்டா வெறப்பா இருக்கு. அழுகையே வந்துருச்சு. போச்சுன்னு நெனச்சு கத்தரிய எடுத்து ஒண்ண வெட்டிட்டேன், அதுக்குள்ள உள்ள ஃபோன் அடிக்குதுன்னு போய்ட்டேன், ஒரு மணிக்கு வந்து பாத்தா மிச்சம் பதினொண்ணும் நிமுந்து நிக்குது! வெட்டுனது மட்டும் படியில தொவண்டு கெடக்கு. அந்த ஒண்ணுதான் இன்னும் உறுத்துது.

இலைச்சருகு:
அது சாகலங்க. கடுங்குளிர்ல செல்லுக்குள்ள இருக்குற தண்ணி வெளிய வந்துரும், அதான் உள்ள உறைஞ்சு வெடிக்காம தப்பிக்குது, தண்டு மட்டும் படுத்துரும். வெட்டுன பூவ தூக்கிப் போடாதீங்க, காம்ப ஒட்ட நறுக்கிட்டு கிண்ணத்துல தண்ணி ஊத்தி மெதக்க விடுங்க.
என் கதை வேற. விதைய பத்திரமா கவர்ல போட்டு வச்சு ஆறு மாசம் கழிச்சு வெதச்சேன், ஒண்ணுகூட வரல. காயவிட்டா தூங்கிப்போயிருமாம், ஃப்ரெஷ்ஷா வெதச்சு ஒரு வெயில் காலம், ஒரு குளிர்காலம் பாத்தாதான் மொளைக்கும். ஆனா அதே வருஷம் கோடை ஆரம்பத்துல ஒரு எறும்பு கறுப்பு விதை ஒண்ண இழுத்துட்டுப் போனத குனிஞ்சு பாத்துட்டே இருந்தேன், விதை ஓரத்துல வெள்ளையா ஒரு கொழுப்புத் துணுக்கு, அதுக்காகத்தான் தூக்குது. அடுத்த வருஷம் நான் நடாத எடத்துல, கல்லு இடுக்குல, நாத்து!

வேர்முடிச்சு:
மண்வாசம், வெயிலே படாத செவுத்தோரம்னு சொல்றத படிச்சுட்டு புதுசா வர்றவங்க அப்படியே நட்டுருவாங்க, அதான் எனக்குக் கவலை. நானும் இருட்டு மூலைல நட்டு நாலு வருஷம் வெறும் எலையத்தான் பாத்தேன். எல உதிர்ற மரத்தடிக்கு மாத்தினேன், பூத்துச்சு. கோடைல நிழல், குளிர்ல மொட்டக் கெள வழியா வெளிச்சம், இதுக்கு அதுதான் வேணும். இன்னொண்ணு, ஆழமா நடாதீங்க, மொட்டு கெளம்புற கழுத்து மண்ணுக்கு மேல தெரியணும், பொதஞ்சா பூக்காது, அழுகவும் செய்யும். தண்ணி தேங்குற எடம் வேண்டவே வேண்டாம். மொட்டு தலை தூக்குறப்ப போன வருஷத்து எலைய அடியோட வெட்டிருங்க, அதுலதான் கரும்புள்ளி நோய் ஒளிஞ்சுருக்கும், புது எலைக்குத் தாவும். வெட்டறப்ப க்ளவுஸ் கட்டாயம், அந்தச் சாறு தோல்ல பட்டா எரியும், செடி மொத்தமும் விஷம், நாய் வளக்கறவங்க பாத்துக்கோங்க. எலைல கறுப்புக் கோடு கோடா ஓடி செடியே கோணிக்கிட்டா அது வைரஸ், வேரோட புடுங்கிருங்க, உரக்குழில போடாதீங்க.

தேன்துளி:
வேர்முடிச்சு, அவங்க கேட்டது நடந்துருக்கான்னு மட்டும்தானே :)
எனக்கு மறக்காதது ஒரு வண்டு. சுத்தியும் பனி, பூ தலைய தொங்கப்போட்டுருக்கு, உள்ள ஏதோ சத்தம். வெரலால லேசா நிமித்துனா ஒரு ராணி பம்பிள்பீ, முழு ஒடம்பும் மகரந்தம், அவ்ளோ குளிர்ல! இதழ்னு நாம சொல்றது உண்மையில புல்லி வட்டம், அதான் மாசக்கணக்கா உதிராம நிக்குது. நெசமான இதழ் உள்ள குட்டிக் குட்டிப் பச்சைக் குழலா சுருங்கிக் கெடக்கு, தேன் அதுலதான்.

மண்வாசம்:
இலைச்சருகு, மெதக்க விட்டேன். இன்னிக்கு அஞ்சாம் நாள். கிண்ணத்துல மூஞ்சி மேல பாத்து விரிஞ்சு கெடக்கு, தேன்துளி சொன்ன பச்சைக் குழல ஒண்ணு ஒண்ணா எண்ணிட்டேன்.