ஞாயிறு இரவில் ஏறும் கேஎச், நுனி வெளுக்கும் ஆக்ரோபோரா: என்ன செய்யலாம்?

ஈசூன்_தொட்டி:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டுக் கூடத்தில் பவளம் வளர்க்கும் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி. பாறை, மணல் போக, சம்ப்போடு (வடிகட்டிகள் இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்துத் தண்ணீர் சுமார் 200 லிட்டர். தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சாஃப்ட் கோரல் (மென்பவளம்), டார்ச் பவளம் எல்லாம் ஜோராக இருக்கின்றன. பாசிர் ரிஸ் பக்கம் வாங்கிய ஆக்ரோபோரா என்ற கிளைவிடும் கல் பவளம்தான் தொல்லை. நுனியில் இருந்த நீலம் போய் வெறும் எலும்பு தெரிகிறது. அடியிலும் மெல்ல உரிய ஆரம்பித்திருக்கிறது.

சனிக்கிழமை மாலை அளந்தது: கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை) 6.9 டிகிரி, கால்சியம் 385, மக்னீசியம் 1180, நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் 0.01. ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) உப்பு 35 பிபிடி, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு. காய்ச்சி வடித்த தண்ணீரில் பூஜ்யம் வைத்துத்தான் பார்க்கிறேன். கேஎச் குறைவு என்று அன்று இரவே ஏழு கிராம் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினேன். ஞாயிறு வழக்கம்போல 60 லிட்டர் தண்ணீர் மாற்றினேன். இந்த முறை ஞாயிறு இரவும் அளந்தால் கேஎச் 8.9! அடுத்த சனிக்கு மறுபடி 7க்கு வந்துவிடுகிறது.

இன்னொன்று. பி.எச். காலையில் 7.8, பிற்பகலில் 8.0. அதற்கு பஃபர் பவுடர் ஒரு டப்பா 30 வெள்ளி கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. போடலாமா?

பினாங்கு_பவளம்:

மக்னீசியம் 1180 ரொம்பக் குறைவு நண்பரே. அது குறைந்தால் கால்சியமும் கேஎச்சும் தண்ணீரில் நிற்காது, சுண்ணாம்பாகப் படிந்துவிடும். முதலில் அதை 1350க்கு ஏற்றுங்கள், மற்றது தானாகச் சரியாகும்.

லேப்காரி:

தம்பி, மக்னீசியம் பாட்டிலை இப்போதைக்குத் தொடாதீர்கள். பினாங்குக்காரர் சொல்லும் வேதியியல் சரிதான், ஆனால் உங்கள் எண்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். கடல் நீரில் உப்பு 35 இருக்கும்போது கால்சியம் 420, மக்னீசியம் 1290 வாக்கில் இருக்கும். உங்கள் 385, 1180 இரண்டுமே அதில் ஏறக்குறைய 92 சதவீதம். இரண்டு வேறு வேறு பொருள் ஒரே விகிதத்தில் குறைந்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது உப்பின் மேல். 35ல் 92 சதவீதம் என்றால் 32. பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் 35ல் சரியாகக் காட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கடையில் 35 பிபிடி கரைசல் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள், அதில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். லேப் வேலையில் நாங்கள் எந்தக் கருவியையும் அளக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சரிபார்ப்போம்.

அடுத்தது கேஎச். ஞாயிறு இரவு 8.9, சனி மாலை 6.9. ஆறு நாளில் 2 டிகிரி என்றால் ஒரு நாளைக்கு 0.33தான். பவளங்கள் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் சாப்பாடு இது, சின்னதுதான். ஆனால் ஆறு நாளில் இறங்கியது ஒரே நாளில் திரும்ப ஏறுகிறதே, அதைத்தான் ஆக்ரோவால் தாங்க முடியவில்லை. ஏழு கிராம் ஆப்ப சோடா உங்கள் 200 லிட்டரில் 1.2 ஏற்றும் (100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகிரி, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்). மீதி எங்கிருந்து வந்தது? ஞாயிறு ஊற்றும் 60 லிட்டரிலிருந்துதான். அந்தப் பக்கெட்டில் கலந்த தண்ணீரை எப்போதாவது டெஸ்ட் செய்திருக்கிறீர்களா? பவளம் வேகமாக வளரட்டும் என்று கேஎச்சைத் தூக்கலாக வைத்து விற்கும் உப்பு நிறைய இருக்கிறது. 11க்கு மேல் வரும் என்று நினைக்கிறேன்.

நைட்ரேட் பூஜ்யம் என்று பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்து இல்லாத பட்டினித் தொட்டியில் கேஎச் எகிறினால் நுனி கருகும் என்பது எஸ்.பி.எஸ். (ஆக்ரோ மாதிரியான கல் பவளங்கள்) வளர்க்கிறவர்கள் அடிக்கடி பார்ப்பது. மீனுக்குக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

பஃபர் டப்பாவைக் கடையில் திருப்பி வாங்குவார்களா என்று கேளுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும்தான். போட்டால் கேஎச் இன்னும் ஏறும், பி.எச். மறுநாள் காலை அதே 7.8. கூடத்தில் ஏர்கான் போட்டு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குகிறீர்களா? ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்தில் ஏர் பம்ப் வைத்து ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். பி.எச். ஏறினால் குற்றவாளி வீட்டுக் காற்றிலிருக்கும் கரியமில வாயு.

கொளத்தூர்_கடல்:

சென்னையிலிருந்து ஒரு குறுக்கீடு. தினமும் ஆவியாகிற தண்ணீருக்கு எதை ஊற்றுகிறீர்கள்? இங்கே வீட்டு ஆர்ஓ மெஷினில் மினரல் கார்ட்ரிட்ஜ், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இரண்டும் வைத்துத் தருகிறார்கள். குடிக்க நன்றாக இருக்கும், தொட்டிக்கு ஆகாது. நான் அதைக் கழற்றி தனியாக டிஐ ரெசின் (மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்வது) போட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் எடுக்கிறேன். மற்றபடி இந்தியாவில் கல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் என் தொட்டியில் மீனும் கல் எலும்பில்லாத காளான் பவளமும்தான். உங்கள் ஆக்ரோவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன்!

ஈசூன்_தொட்டி:

அக்கா, எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். 35 கரைசலை என் கருவி 38 என்று காட்டுகிறது. அப்படியென்றால் தொட்டியில் 32தான். பக்கெட் தண்ணீரின் கேஎச் 11.6. டம்ளர் தண்ணீர் தாழ்வாரத்தில் 8.15க்கு ஏறியது, வீட்டில் இரவு முழுக்க ஏர்கான் ஓடும், உண்மைதான்.

கொளத்தூர் அண்ணே, என்னுடையது ஆர்ஓ டிஐ, மீட்டர் பூஜ்யம். இங்கே குழாய்த் தண்ணீரில் குளோராமின் (கிருமிநாசினி) இருப்பதால் முன்னால் கார்பன் பிளாக்கும் (கரி வடிகட்டி) உண்டு. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் போகிறது, காலையில் கையால் ஊற்றுகிறேன்.

இப்போது உப்பை எப்படி ஏற்றுவது? ஒரேயடியாக வேண்டாம், இல்லையா?

லேப்காரி:

வேண்டவே வேண்டாம். ஒரு வாரத்துக்கு அந்த மூன்று லிட்டர் ஆர்ஓவுக்குப் பதிலாக, சரியாக 35க்குக் கலந்த உப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு அரை பிபிடி ஏறும், ஆறேழு நாளில் 35 வந்துவிடும். கால்சியமும் மக்னீசியமும் கூடவே மேலே வரும், ஒரு பாட்டிலும் திறக்காமல்.

ஒரு விஷயம் கவனியுங்கள். நீங்கள் அளந்த 11.6, உப்பு குறைவாகக் கலந்த தண்ணீரின் எண். அதே உப்பை 35க்குக் கலந்தால் 12.7 ஆகும். அந்த மூன்று லிட்டரே தொட்டியின் கேஎச்சை ஒரு நாளைக்கு 0.2 ஏற்றிவிடும், அதாவது தினச் சாப்பாட்டில் பாதிக்கு மேல். ஆகவே இந்த வாரம் ஆப்ப சோடா ஒரு நாளைக்கு ஒரு கிராம் போதும். ஞாயிறு தண்ணீர் மாற்றமும் வேண்டாம்.

அதற்கப்புறம் ஆப்ப சோடாவை மறந்துவிட்டுச் சுண்ணாம்புத் தண்ணீருக்கு மாறுங்கள், மீன் தொட்டிக்காரர்கள் கால்க்வாசர் என்பார்கள். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு, உணவுத் தரம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அடிப்படையில் அதுதான், ஆனால் அதில் வேறு என்ன இருக்கிறது என்று தெரியாது, அதனால் வேண்டாம். 0.33 டிகிரிக்கு உங்களுக்கு நாளைக்கு ஒரு கிராம்கூட முழுதாகத் தேவையில்லை. மூன்று லிட்டர் ஆர்ஓவில் 0.9 கிராம் கலக்கி, விளக்கு அணைந்ததும் சொட்டுச் சொட்டாக ராத்திரி முழுக்க இறங்க விடுங்கள். கேஎச்சும் கால்சியமும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் போய்ச் சேரும், கரியமில வாயுவையும் கொஞ்சம் உறிஞ்சும், காலை பி.எச். அவ்வளவு கீழே போகாது. ஆனால் கலக்கியது பி.எச். 12ஐ நெருங்கும் சமாச்சாரம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே மூச்சில் ஊற்றிவிடாதீர்கள், மிதவை வால்வை நம்பி பெரிய டிரம்மில் கலந்து வைக்காதீர்கள். வால்வு ஒருநாள் மாட்டிக்கொண்டால் தொட்டி பால் வெள்ளையாகிவிடும்.

மீதியிருக்கும் உப்பை எறிய வேண்டாம். வாரம் பத்து லிட்டர் மட்டும் மாற்றினால் கேஎச் கால் டிகிரிதான் ஏறும், யாருக்கும் வலிக்காது. அடுத்த வாளி வாங்கும்போது 8 வாக்கில் கலக்கும் உப்பாகப் பாருங்கள். கேஎச் 7.5 முதல் 8க்குள் இருக்கட்டும். எட்டுதான் வேண்டும், எட்டரைதான் வேண்டும் என்றில்லை, நேற்று இருந்தது இன்று இருந்தால் சரி. தினமும் ஒரே நேரத்தில் அளங்கள். ஹன்னா செக்கர் என்ற டிஜிட்டல் கருவியே 0.3 முன்பின் காட்டும், ஒரு நாள் எண்ணைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள்.

ஈசூன்_தொட்டி:

நன்றி அக்கா. கடைசியாக ஒன்று: சுண்ணாம்பு கலக்கினால் அடியில் வெள்ளையாகத் தங்குமாமே, அதையும் சேர்த்து ஊற்றலாமா?

லேப்காரி:

0.9 கிராம் மூன்று லிட்டரில் கிட்டத்தட்ட முழுதும் கரைந்துவிடும். அப்புறமும் தங்குவது காற்றுப் பட்டு உருவான கால்சியம் கார்பனேட், அதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். பாத்திரத்தை மூடியே வையுங்கள். சொட்டுக் குழாயின் வாய் அடைத்துக்கொண்டால் வினிகரில் ஊறப் போட்டு, நன்றாகக் கழுவிவிட்டு மாட்டுங்கள்.